வாசகர் கேள்விகள்: வார்டுக்குள் ஒரு போதகர்

போன இதழில் நான் ஓய்வு பெற்றதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 11 வருடம் சபைப் போதகர், அப்புறம் 23 வருடம் ஒரு பெரிய மருத்துவமனையில் சாப்ளின் (நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் துணையிருக்கும் போதகர்), இப்போது வீட்டில் சும்மா. எழுதியது அவ்வளவுதான். அதற்கு வந்த கேள்விகளைப் படித்தபோது, சபைக்குள் இருப்பவர்களுக்கே இந்த வேலை என்னவென்று சரியாகத் தெரியவில்லை என்பது புரிந்தது. சிலருக்குக் கோபம், சிலருக்கு ஆற்றாமை, ஒருவருக்குச் சம்பளம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். முடிந்தவரை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன். நோயாளிகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ஆள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், ஓய்வு பெற்றாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சாப்ளின், சாப்ளின் என்றே எழுதுகிறீர்களே, தமிழில் சொல் கிடையாதா? (ஒரு தமிழாசிரியர்)

இருக்கிறது ஐயா. மருத்துவமனைப் போதகர் என்கிறார்கள், ஆன்மிக ஆலோசகர் என்கிறார்கள், ஆற்றுப்படுத்துநர் என்றும் எழுதுகிறார்கள். கடைசிச் சொல் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஆற்றுப்படை பாடிய புலவர்களுக்கு எந்த வள்ளலிடம் போக வேண்டும் என்று வழி தெரியும், எங்களுக்கு அப்படித் தெரியாது என்பதால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். சாப்ளின் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. நாலாம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற ரோமப் படைவீரர் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரர் ஒருவருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தாராம். அந்த அங்கியைப் பிற்காலத்தில் புனிதப் பொருளாக வைத்துக் காத்த குருமாருக்கு, அங்கியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே பெயர் வந்தது. அவர் முழு அங்கியையும் கொடுக்கவில்லை, பாதிதான் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். பின்னால் ஒரு கேள்விக்கு இது தேவைப்படும்.

நோயாளிகள் எங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டால், பாஸ்டர், ஃபாதர், ஐயா, சார், தம்பி, எல்லாம்தான். ஒரு பாட்டி என்னைக் கடைசி வரைக்கும் 'ஜெபக்கார டாக்டர்' என்றே கூப்பிட்டார். திருத்தப் போய் இரண்டு தடவை திட்டு வாங்கினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

இறையியல் கடைசி வருடம் படிக்கிறேன். இந்தப் பணிக்கு வர என்ன செய்ய வேண்டும்? நல்ல பிரசங்கி என்று பெயர் வாங்கியிருக்கிறேன், அது உதவுமா? (ஒரு மாணவர்)

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. உதவாது. கெடுக்கவும் செய்யும். எனக்குக் கெடுத்தது.

வழி இதுதான். இறையியல் பட்டம், உங்கள் திருச்சபையின் அபிஷேகம் அல்லது அங்கீகாரம், அதற்கு மேல் மருத்துவமனையிலேயே இருந்து பெறும் மேய்ப்புப் பணிப் பயிற்சி. இந்தப் பயிற்சியைத்தான் உலகம் முழுக்க சிபிஇ (கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன்) என்கிறார்கள். அமெரிக்க முறைப்படி ஒரு அலகு என்பது 400 மணி நேரம், சான்று பெற்ற சாப்ளின் ஆக வேண்டுமானால் அங்கே வழக்கமாக நாலு அலகு கேட்கிறார்கள். 1,600 மணி நேரம். பிற நாடுகளில் விதிகள் வேறாக இருக்கலாம், உங்கள் திருச்சபையிடம் விசாரியுங்கள்.

இந்தப் பயிற்சி எப்படிப் பிறந்தது என்பதை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அது ஒரு பேராசிரியரின் மூளையில் உதித்தது இல்லை. ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர் 1920-ல் மனம் பேதலித்து மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். உள்ளே கிடந்தபோதுதான் தன்னைச் சுற்றியிருந்தவர்களின் குழப்பத்துக்குள் பயம், குற்றவுணர்வு, கடவுளைத் தேடுவது எல்லாம் கலந்திருப்பதையும், அதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு போதகர்கூட இல்லை என்பதையும் கண்டார். குணமாகி வந்து மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் சாப்ளினாகச் சேர்ந்து, 1925 கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை வார்டுக்கு அழைத்து வந்து வேலை செய்ய வைத்தார். புத்தகங்களைப் படிப்பது போல மனிதர்களையும் படியுங்கள், அவர்கள் உயிருள்ள ஆவணங்கள் என்பது அவர் வாதம். ரிச்சர்ட் கேபட் என்ற பெயர்பெற்ற மருத்துவரும், மருத்துவ மாணவர்கள் போல இறையியல் மாணவர்களும் நோயாளிகளிடையே பயிற்சி பெற வேண்டும் என்று அதே காலத்தில் சொல்லிவந்தார். ஆக, நோயாளியாக இருந்த ஒருவர்தான் இந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியவர்களில் முதல் வரிசையில் நிற்கிறார்.

பயிற்சியில் உங்களைப் புரட்டிப்போடப் போவது 'சொல்லுக்குச் சொல்' எழுதும் வேலை. ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து, அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள், எங்கே மௌனம், எங்கே இருமல் என்று நாடகம் மாதிரி நினைவிலிருந்து எழுத வேண்டும். அதைக் குழுவில் சத்தமாக வாசிக்க வேண்டும். என் முதல் அறிக்கையை வாசித்து முடித்ததும் பயிற்றுநர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவர் 'பயமா இருக்கு'ன்னு சொன்ன இடத்துல நீங்க ஏன் பைபிளை எடுத்து சங்கீதம் வாசிச்சீங்க?" ஆறுதலுக்காக என்றேன். "யாருடைய ஆறுதலுக்காக?" என்றார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெரியவர் பயம் என்று சொன்னதும் எனக்குப் பயம் வந்துவிட்டது, வேதாகமத்தைத் திறந்து அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், அதுதான் உண்மை. பிரசங்கம் பழகிய வாய்க்கு மௌனம் வெறும் வெற்றிடமாகத் தெரியும், உடனே நிரப்பத் தோன்றும். அதை அடக்கவே எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

சபையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போவது ஊழியத்தில் பின்வாங்குவது ஆகாதா? (சபை மூப்பர் ஒருவர்)

என் மாமனாரும் இதையேதான் கேட்டார். "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்கவந்தீர்கள்" என்று இயேசு சொன்ன வசனத்தை அவருக்குச் சொன்னேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை, உங்களிடமும் அது எடுபடுமா தெரியாது.

வித்தியாசத்தை மட்டும் சொல்கிறேன். சபையில் ஒரு குடும்பத்தைப் பத்து வருடம் பார்க்கிறோம். கல்யாணம், ஞானஸ்நானம், சண்டை, சமாதானம் எல்லாவற்றிலும் இருக்கிறோம், நாம் பேசுவதைக் கேட்க அவர்களாகவே வந்து உட்காருகிறார்கள். மருத்துவமனையில் எனக்குக் கிடைப்பது முன்பின் தெரியாத ஒரு மனிதரும் பதினைந்து நிமிடமும். நாளைக்கு அவர் டிஸ்சார்ஜ் ஆகிவிடலாம், அல்லது இல்லாமல் போய்விடலாம். விதைத்ததை அறுவடை செய்து பார்க்கும் சந்தோஷம் இந்த வேலையில் அநேகமாக இல்லை. சபையை விட்டு வந்ததில் எனக்கு உண்மையிலேயே வலித்தது இதுதான். கூடவே ஞாயிறு பிரசங்கம் இல்லாத நிம்மதியும் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது.

நான் நர்ஸ். எங்கள் சாப்ளின் நாள் முழுக்க வராந்தாவில் நடந்துகொண்டே இருக்கிறார். உண்மையில் என்னதான் செய்கிறார்?

சிரித்துவிட்டேன் அம்மா. வராந்தாவில் நடப்பதுதான் பாதி வேலை. ஐசியு வாசலில் மூன்று நாளாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அண்ணனை யாரும் எங்களிடம் அனுப்பமாட்டார்கள், அவர் நோயாளி இல்லையே. நடந்தால்தான் கண்ணில் படுவார்.

காலையில் இரவு ஷிப்ட் முடிந்து போகிறவர்களிடம் யார் மோசம், யார் தூங்கவில்லை என்று கேட்டுக்கொள்வோம். அன்றைக்கு ஆபரேஷனுக்குப் போகிறவர்களை முதலில் பார்க்க வேண்டும், சக்கரக் கட்டில் வந்துவிட்டால் நேரம் கிடைக்காது. அப்புறம் நீங்கள் கூப்பிட்டுச் சொன்னவர்கள். பச்சிளம் குழந்தைகள் பிரிவு. குடும்பத்தாரை டாக்டர் கூப்பிட்டுப் பேசும்போது ஓர் ஓரத்தில் இருப்பது, டாக்டர் எழுந்து போனதும் 'இப்ப அவர் என்ன சொன்னார்?' என்று அவர்கள் கேட்கும்போது அங்கேயே இருப்பது. சில இடங்களில் நெறிமுறைக் குழுவிலும் எங்களுக்கு ஓர் இடம் உண்டு. பிணவறைக்கும் போவோம், அடையாளம் காட்ட வருகிறவர்களைத் தனியே அனுப்ப மனம் வராது. நோயாளி கேட்டால் ஜெபம், திருவிருந்து. கத்தோலிக்கர் நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு) கேட்டால் குருவானவருக்குப் போன் போடுவது, வேறு மதத்தவர் கேட்டால் அவர்களுக்குரியவரைத் தேடிப் பிடிப்பது. இரவில் போன் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவது.

சின்னச் சின்ன ஒழுங்குகளும் இருக்கின்றன. கை கழுவாமல் உள்ளே போவதில்லை. கட்டிலில் உட்காருவதில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கண் மட்டத்துக்கு வருவது, நின்றபடி பேசினால் படுத்திருப்பவருக்கு நாமும் இன்னொரு டாக்டர்தான். நினைவில்லாதவரின் தலைக்கு மேலே அவரைப் பற்றிப் பேசுவதில்லை, காது கேட்டுக்கொண்டிருக்கலாம். கேஸ் ஷீட்டில் எங்கள் குறிப்பையும் எழுதுவோம், ஆனால் 'நோயாளி பயத்தில் இருக்கிறார், மகளை எதிர்பார்க்கிறார்' என்ற அளவுக்குத்தான். மகளிடம் என்ன சொல்லிவிட்டார் என்பதை எழுதமாட்டோம்.

இன்னொன்றும் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரு குழந்தை இறந்துபோன ராத்திரியில் துணி அலமாரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற நர்ஸுக்கும் நாங்கள்தான் சாப்ளின். உங்கள் ஆள் ஏன் அந்தப் பக்கமாகவே நடக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள்.

நான் கிறிஸ்தவன் இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவனிடம் போதகர் வருவதே மதம் மாற்றத்தானே? மழுப்பாமல் சொல்லுங்கள்.

மழுப்பவில்லை. அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பலவீனமாகப் படுத்திருக்கும் மனிதரிடம் மதத்தை விற்பது அயோக்கியத்தனம் என்பது என் கருத்து, போதகர் என்ற முறையிலேயே சொல்கிறேன். தொழில்முறையிலும் அது தவறு. வட அமெரிக்காவின் சாப்ளின் அமைப்புகள் 2004-ல் சேர்ந்து ஏற்றுக்கொண்ட பொது நெறிகளில், நம் கொள்கையையோ வழிபாட்டையோ நோயாளிமேல் திணிக்கக் கூடாது என்பது வெளிப்படையாகவே இருக்கிறது.

ஆனால் விதியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு நாள் முழுக்க மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்து பாருங்கள். ஊசி போட வருகிறவரிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ரத்தம் எடுக்க வருகிறவர், ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகிறவர், விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி பிபி பார்க்கிறவர், யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. சட்டப்படி முடியும், நிஜத்தில் முடியாது. போட்டிருக்கும் துணிகூட உங்களுடையது இல்லை. அந்த அறைக்குள் வருகிறவர்களில், 'வேண்டாம், போங்க' என்று எந்த நஷ்டமும் இல்லாமல் நீங்கள் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். சொன்னால் போய்விடுவேன். முகம் சுளிக்காமல் போவேன். அப்படித் திரும்பி வருவதும் நான் செய்த வேலையில் ஒரு பங்கு என்றே எண்ணுகிறேன், பயிற்சிக்கு வந்தவர்களிடமும் இதைத்தான் முதல் நாளே சொல்வேன். வேதாகமத்தில் யாக்கோபு நிருபத்தில்கூட வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைப்பானாக என்றுதான் இருக்கிறது. வரவழைப்பது அவன் பாடு, மூப்பர்கள் கதவை உடைத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை.

உங்களிடம் வருகிற சாப்ளின் வேண்டாம் என்றதும் போகவில்லையா? நர்ஸிடம் புகார் செய்யுங்கள்.

என் மகள் இறந்த அன்று, ஆறுதல் சொல்ல வந்த போதகர் "தேவ சித்தம், அவருக்கு ஒரு பூ தேவைப்பட்டது" என்றார். ஆறு வருடமாகியும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் செய்வது பாவமா? (ஒரு தாய்)

அம்மா, இல்லை.

அவர் சொல்லியிருக்கவே கூடாது. எந்த நோக்கத்தில் சொன்னார் என்று அவருக்காக நான் வாதாடப் போவதில்லை, அதைக் கேட்டுக் கேட்டு உங்களுக்குச் சலித்திருக்கும். வேதாகமத்தில், பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடுகூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். எட்டாவது நாள் வாயைத் திறந்தார்கள், அத்தோடு கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டதும் கத்திக் கதறிய யோபு மேல் இல்லை, தனக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்கள் மேல்தான்.

நானும் இப்படி ஒரு தவறு செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், பிறந்து இரண்டு நாளான குழந்தையை இழந்த ஒரு தகப்பனிடம், "இன்னும் வயசிருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார், நான் அறையை விட்டுப் போகும் வரை திரும்பவில்லை. அந்த முதுகு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க மறுநாள் போனேன், அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். அவர் என்னை மன்னித்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீங்களும் அவசரப்பட வேண்டாம். மகளைப் பற்றி யாரிடமாவது பேசத் தோன்றினால், என்ன பெயர், எப்படிச் சிரிப்பாள், எதற்கு அடம்பிடிப்பாள் என்று கேட்கத் தெரிந்த ஒருவரிடம் பேசுங்கள். விளக்கம் சொல்ல வருகிறவரிடம் வேண்டாம்.

ஜெபித்தால் நோய் குணமாகிறதா? ஆராய்ச்சி ஏதாவது உண்டா? (ஒரு கல்லூரி ஆசிரியர்)

உண்டு. 2006-ல் அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதயத்துக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்காக ஜெபம் நடந்தது, ஒரு குழுவுக்காக நடக்கவில்லை, இந்த இரு குழுவினருக்கும் ஜெபம் இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது குழுவிடம் உங்களுக்காக ஜெபம் நடக்கிறது என்று நிச்சயமாகவே சொல்லிவிட்டார்கள். முதல் இரண்டு குழுவிலும் பின்விளைவுகள் கிட்டத்தட்ட சமம், 52 சதவீதமும் 51 சதவீதமும். நிச்சயமாகச் சொல்லப்பட்ட குழுவிலோ 59 சதவீதம். ஏன் என்று உறுதியாக நிரூபணமாகவில்லை. 'எனக்காக ஆள் வைத்து ஜெபிக்கும் அளவுக்கு நிலைமை மோசமா' என்ற பதற்றமாக இருக்கலாம் என்று ஓர் ஊகம்.

எனக்கு அந்த ஊகத்தில் உண்மை இருப்பதாகவே படுகிறது, போதகர் தலையைக் கண்டதும் வெளிறிப்போன முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "நான் எல்லாரையும்தான் பாக்கறேன், நீங்க நல்லாத்தான் இருக்கீங்க" என்பதுதான் வார்டில் நான் அதிகம் சொன்ன வசனம். ஜெபம் மாத்திரை இல்லை, அளவு கூட்டிக் குறைத்துச் சோதிப்பதற்கு. ஜெபம் வேண்டும் என்று யாராவது கேட்டால் என்ன கேட்டு ஜெபிக்கட்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன். சுகம் என்று சொல்வார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? பலர் வேறு சொல்வார்கள். ஒருவர், "வீட்ல என் நாய்க்கு யாரும் சோறு வைக்கலன்னு தோணுது, அதுக்குப் பண்ணுங்க" என்றார். பண்ணினேன். அப்புறம் அவருடைய பக்கத்து வீட்டுக்குப் போனும் போட்டேன், ஜெபத்தோடு நிறுத்த மனம் கேட்கவில்லை.

நான் டாக்டர். மருந்தின் அளவைக் கூட்டியும் வலி அடங்காத புற்றுநோயாளிக்கு சாப்ளினைக் கூப்பிடுவது அர்த்தமுள்ளதா, அல்லது கையை விரிப்பதா?

அர்த்தமுள்ளதுதான் டாக்டர், ஒரு நிபந்தனையோடு. மருந்தை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடாதீர்கள், மருந்தோடு சேர்த்துக் கூப்பிடுங்கள். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (குணமாக முடியாத நோயாளிகளைக் கடைசி வரை பராமரிக்கும் இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் நர்ஸாகவும், மருத்துவ சமூகப் பணியாளராகவும், அப்புறம் டாக்டராகவும் இருந்தவர். உடம்பு, மனம், குடும்பம், ஆன்மா நாலும் சேர்ந்து வலிப்பதை 'மொத்த வலி' என்று அவர்தான் சொன்னார். மார்ஃபினை வேளா வேளைக்கு ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்று போராடியவரும் அவரேதான், அதனால் மருந்தைக் குறைத்து மதிப்பிட்டுச் சொன்ன பேச்சு இல்லை அது.

எங்களிடம் அனுப்பலாமா என்று தெரிய நீங்களே கேட்கக்கூடிய கேள்விகளும் இருக்கின்றன. கிறிஸ்டினா புக்கால்ஸ்கி என்ற மருத்துவர் 1996-ல் உருவாக்கிய முறை இது. உங்களுக்குத் தெம்பு கொடுக்கும் நம்பிக்கை எது, இந்த நோயில் அது எவ்வளவு முக்கியம், உங்களுக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறதா, இதில் நாங்கள் என்ன செய்ய வேண்டும். ஐந்து நிமிடம்தான் ஆகும்.

ஒருவரைச் சொல்கிறேன். சாயங்காலமானால் அவருக்கு வலி ஏறும், ஊசி போட்டும் முனகுவார். நாலு நாள் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு சொன்னார், தம்பியோடு சொத்துத் தகராறு, பேசி 14 வருடம் ஆகிறது, அந்தத் தம்பி வேலை முடிந்து அவர் வீட்டு வழியாகப் போகிற நேரம்தான் அந்தச் சாயங்காலம். போன் போடட்டுமா என்றேன், சரி என்றார். மூன்று தடவை அடித்தோம். தம்பி எடுக்கவில்லை. வலி பறந்துவிட்டது என்று முடித்தால் கேட்க நன்றாக இருக்கும், பறக்கவில்லை. "நான் அடிச்சேன்ல?" என்று இரண்டு தடவை என்னிடம் கேட்டார். அடித்தீர்கள் என்றேன். அன்று இரவு தூங்கினார் என்று நர்ஸ் சொன்னார்.

"அப்பாவுக்குப் புற்றுநோய் என்று அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று எங்கள் சாப்ளினைக் கேட்டுக்கொண்டோம். அவர் சரி என்று சொல்லவில்லை. ஏன்?

சரி என்று சொல்லியிருந்தால் பொய் சொல்லியிருப்பார். நோயைப் பற்றிச் சொல்வது டாக்டரின் வேலை, நாங்களாக அதை உடைக்கமாட்டோம். ஆனால் உங்கள் அப்பாவே "எனக்கு என்னன்னு உனக்குத் தெரியும்ல?" என்று நேராகக் கேட்டால் இல்லை என்று சொல்லவும் முடியாது. நான் என்றால், "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்பேன். பாதிப் பேருக்கு மேல் எல்லாம் தெரிந்தே இருக்கும், "பசங்க பாவம், அவங்களுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாங்க, நீங்க சொல்லிடாதீங்க" என்று அவர்கள் என்னிடம் சத்தியம் வாங்குவார்கள். அதையும் வெளியே வந்து உங்களிடம் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் இப்படி நாடகம் நடக்க, நடுவில் நாங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்போம். எனக்கு இந்த வேலையில் ஆகவே ஆகாத இடம் இதுதான். உங்களிடம் சொல்லக்கூடியது ஒன்றுதான், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து "பயமா இருக்காப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். நோயின் பெயரை எடுக்கவே வேண்டாம்.

சம்பளம் எவ்வளவு? (பெயர் வெளியிட வேண்டாம் என்கிறார்)

நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 1948-ல் தேசிய சுகாதார சேவை தொடங்கியதிலிருந்தே சாப்ளின்கள் அதன் ஊழியர்கள். சில இடங்களில் மருத்துவமனை கொடுக்கும், சில இடங்களில் திருச்சபை, பல இடங்களில் தன்னார்வமாக வருகிறவர்கள்தான். எனக்கு சபையில் கிடைத்ததைவிடக் கொஞ்சம் அதிகம், டாக்டருக்குக் கிடைத்ததைவிட மிகவும் குறைவு. வாகனம் நிறுத்த இடம் மட்டும் 23 வருடமாகக் கிடைக்கவில்லை.

தினம் மரணத்தையே பார்த்து உங்கள் விசுவாசம் குலையவில்லையா? சோர்வு வரவில்லையா? (ஒரு இளம் போதகர்)

குலைந்தது. ஒன்றிரண்டு தடவை இல்லை. 2020-ல் கொரோனா வந்தபோது எங்களை வார்டுக்குள்ளேயே விடவில்லை. உள்ளே இருந்த நர்ஸ் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனை நோயாளியின் காதில் பிடிக்க, நான் வாசலிலிருந்து ஜெபித்தேன், மறுமுனையில் கேட்டதெல்லாம் இயந்திரச் சத்தம். கையைப் பிடிக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை, செய்த பிறகும் அப்படி நினைக்கவில்லை. அந்த வருடம் என்னால் தனியாக ஜெபிக்க முடியவில்லை. 88-ஆம் சங்கீதத்தை மட்டும் வாசித்தேன், அது ஒன்றுதான் இருட்டிலேயே ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது, வெளிச்சம் வரும் என்று அவசரப்படுத்தாது.

சோர்வுக்கு வருகிறேன். மார்ட்டின் பாதி அங்கியைக் கொடுத்தார் என்றேனே, முழுதாகக் கொடுத்திருந்தால் அடுத்த தெருவில் அவரும் நடுங்கியிருப்பார். வாரம் ஒரு நாள் போனை அணைத்து வைத்தேன். மாதம் ஒரு தடவை என்னைவிட மூத்த சாப்ளின் ஒருவரிடம் போய் நான் நோயாளியாக உட்கார்ந்தேன், அவர் கேட்பார், நான் புலம்புவேன். உங்களுக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா? இல்லையென்றால் முதலில் அவரைத் தேடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

மறக்க முடியாத நோயாளி யார்? (பல வாசகர்கள்)

வயதானவர், ஓய்வு பெற்ற இயந்திரப் பணியாளர், சிறுநீரகம் போய்விட்டது, கடவுள் நம்பிக்கை கிடையாது. முதல் நாள் கதவைத் தட்டி யாரென்று சொன்னதும் கையை ஒரு வீசு வீசி, "வேண்டாம்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். வழக்கமாக அதற்கு அப்புறம் அந்த அறைக்கு நான் திரும்பப் போகமாட்டேன், ஆனால் அன்று கதவைச் சாத்தும்போது, "நாளைக்கு வருவியா?" என்று கேட்டார். வரட்டுமா என்றேன். "வா. வேண்டாம்னு சொல்றேன்."

ஐந்து வாரம் இப்படியே போனது. காலை பத்து மணிக்குத் தட்டுவேன், அவர் கையை வீசுவார், நான் வருவேன். நடுவில் ஒரு நாள் விடுப்பு எடுத்துவிட்டேன், மறுநாள் போனதும், "நேத்து எங்க போன? பூரா பேரும் வந்து குத்திட்டுப் போனானுங்க, திருப்பி அனுப்ப ஒருத்தன் இல்ல" என்று சத்தம் போட்டார். டயாலிஸிஸ் போதும் என்று முடிவெடுத்தபோது மகனிடமும் டாக்டரிடமும் அவர் எப்படிப் பேசினார் என்று எனக்குத் தெரியாது, நான் அந்த அறையில் இல்லை. முடிவெடுத்துவிட்டதாக என்னிடம் சொன்னதும் நர்ஸ்தான்.

கடைசியாகப் பார்த்த காலையில் அவரால் பேச முடியவில்லை. கண் பாதி திறந்திருந்தது. கதவைத் தட்டி, வழக்கம்போல, "நான்தான் சாப்ளின், உள்ள வரட்டுமா?" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் போர்வைக்கு மேல் கிடந்த கை மணிக்கட்டிலிருந்து லேசாக ஒரு தடவை அசைந்தது.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். வராந்தாவில் ஒரு நாற்காலியை இழுத்து அந்தக் கதவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, மகன் வந்து சேரும் வரை உட்கார்ந்திருந்தேன்.